ஸ்டேஷனில் விட்டுப் போகும் வண்டி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

புறநகர் ரயில் நிலையங்களில் வண்டி நிறுத்துவது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: இடம் ஏன் கிடைப்பதில்லை? அதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: காலை ஏழரைக்கே பார்க்கிங் நிறைந்துவிடுகிறது. எட்டே கால் ரயிலைப் பிடிக்கிற எனக்கு ஒரு நாளும் இடம் கிடைத்ததில்லை. மேலே இரண்டு மாடி எழுப்பினால் தீராதா?

பதில்: எழுப்பலாம். அதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு கார் நிற்கும் கட்டம் சுமாராக 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். ஆனால் அந்தக் கட்டம் வரை கார் வந்து சேர வழி வேண்டும், திருப்ப இடம் வேண்டும். மாடி என்றால் சரிவுப் பாதை, தூண்கள் வேறு. எல்லாம் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் வரை போய்விடும். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், 135 முதல் 160 கார்தான் நிற்கும். ஸ்டேஷனுக்குக் காரில் வருபவர் பெரும்பாலும் தனி ஆள். ஆக, ஒரு ஏக்கரை முழுக்கக் காருக்கே கொடுத்தாலும், வருகிறவர்கள் ஒன்றிரண்டு பெட்டிகளில் அடங்கிவிடுவார்கள்.

கடைத்தெருவில் ஒரே கட்டத்தில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் மாறி மாறி நிற்கும். ஸ்டேஷனில் காலை ஏழுக்கு நின்ற வண்டி மாலை ஆறு ஆனால்தான் அசையும். ஒரு கட்டம், ஒரு நாள், ஒரே ஆள். நிலையப் பார்க்கிங்கின் தலையெழுத்தே இதுதான். எத்தனை மாடி போட்டாலும் முதலில் வந்தவர் பிடித்துக்கொள்வார், நீங்கள் எட்டே காலுக்கு வந்து பலகையைப் பார்ப்பீர்கள்.

மாடி கட்டியவர்கள் இன்னொன்றை மாலையில்தான் கண்டுபிடிப்பார்கள். காலையில் வண்டிகள் ஒன்றிரண்டாக வந்து சேரும். மாலையில் ஒரு ரயில் நின்றால் நூற்றைம்பது பேர் மொத்தமாகப் படியிறங்கி வருவார்கள். வாசலில் டோக்கன் கொடுத்து, சில்லறை வாங்கி, தடுப்புக் கட்டை உயர்ந்து இறங்க ஒரு வண்டிக்கு 12 வினாடி என்றே வையுங்கள். நிமிடத்துக்கு ஐந்து வண்டி. கடைசியில் நிற்பவர் வெளியே வர அரை மணி நேரம். அதற்குள் அடுத்த ரயில் வந்திருக்கும். அப்படி ஒரு வாசலில் ஒரு நாள் மாலை ஸ்டாப்வாட்சோடு நின்றிருக்கிறேன். பணம் வாங்குபவர் வேகமாகத்தான் இருந்தார். ஹெல்மெட், கையுறை, மழைக்கோட்டு எல்லாம் மாட்டி முடித்து, வாசலுக்கு வந்த பிறகுதான் நாம் டோக்கன் எந்தப் பையில் இருக்கிறது என்று தேடவே ஆரம்பிக்கிறோம். காலையில் உள்ளே வரும்போதே கட்டணத்தை வாங்கிவிட்டால் இந்த வரிசையில் பெரும் பகுதி காணாமல் போகும். செலவே இல்லாத இந்த மாற்றத்தைச் செய்யாமல் கான்கிரீட் ஊற்றக் கிளம்புவது எனக்குப் புரியாத விஷயம்.

சரி, உங்களுக்கு என்ன வழி? ஒரு கார் நிற்கும் கட்டத்தில் நான்கைந்து ஸ்கூட்டர் நிற்கும். வீட்டில் ஸ்கூட்டர் இருந்தால் அதில் வாருங்கள். இல்லையென்றால், நகரத்துக்கு எதிர்த் திசையில் ஒரு ஸ்டேஷன் பின்னால் போய் ஏறிப் பாருங்கள். அங்கே பார்க்கிங் இன்னும் மெதுவாக நிறையலாம், உட்காரவும் இடம் கிடைக்கலாம்.

கேள்வி: மாதப் பாஸ் வாங்கியும் இடம் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: பாஸில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான பாஸ்கள் கட்டணச் சலுகை மட்டும்தான், இடத்துக்கு உத்தரவாதம் கிடையாது. பாஸ் வைத்திருக்கும் எல்லாரும் ஒரே நாளில் வருவதில்லை என்பதால் இருக்கும் கட்டங்களைவிடக் கூடுதலாக விற்பதும் வழக்கம். அதைச் சொல்லாமல் விற்றால் உங்கள் கோபம் நியாயமானது. சான்பிரான்சிஸ்கோ பகுதியின் பார்ட் ரயில் அமைப்பு, முன்பதிவு மாதப் பாஸ்காரர்களுக்கென்று தனிக் கட்டங்களை ஒதுக்கியது. காலை 10 மணி வரை அவை அவர்களுக்கு மட்டும், அதற்கு மேல் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். கட்டம் வீணாவதுமில்லை, கொடுத்த வாக்கும் நிற்கிறது. உங்கள் ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டியது இந்த மாதிரி ஏற்பாட்டைத்தான்.

கேள்வி: ரயிலுக்கும் டிக்கெட், வண்டிக்கும் டிக்கெட்டா? ரயில் பயணிக்குப் பார்க்கிங் இலவசமாக இருக்க வேண்டாமா?

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். இலவசம் என்று பலகை வைத்த மறுநாளே பக்கத்துக் கடைக்காரர், அலுவலகக்காரர், வீட்டில் இடம் இல்லாதவர் எல்லாரும் வந்து நிறுத்துவார்கள். ரயிலுக்கு வரும் உங்களுக்குத்தான் இடம் இருக்காது. அப்புறம், இலவசம் என்றால் செலவு மறைந்துவிடாது. நடந்து வருபவரும் பஸ்ஸில் வருபவரும் வாங்கும் ரயில் டிக்கெட்டிலிருந்து உங்கள் காருக்கான நிலத்துக்குப் பணம் போகும்.

பார்க்கிங் கட்டணத்தைப் பற்றியே வாழ்நாள் முழுக்க யோசித்தவர், மறைந்த அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப். அவருடைய அளவுகோல் சுலபமானது: நூற்றுக்கு 85 இடம் நிறைந்து 15 காலியாக இருக்கும்படி கட்டணம் இருக்க வேண்டும். எப்போதும் நிறைந்தே இருந்தால் கட்டணம் குறைவு, பாதி காலியென்றால் அதிகம். அவர் முக்கியமாகத் தெருவோரப் பார்க்கிங்கை மனத்தில் வைத்துச் சொன்னது அது. ஸ்டேஷனுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. கட்டணம் எல்லை மீறினால் ஆட்கள் ரயிலையே விட்டுவிட்டு நேராக நகரத்துக்கு ஓட்டிப் போய்விடுவார்கள். என் விருப்பம்: ரயில் டிக்கெட்டைக் காட்டினால் குறைந்த கட்டணம், காட்டாதவருக்கு முழுக் கட்டணம்.

கேள்வி: எங்கள் வீடு ஸ்டேஷனிலிருந்து இரண்டாவது தெரு. காலையில் யார் யாரோ வந்து வாசலை மறித்து வண்டியை விட்டுப் போய்விடுகிறார்கள். நாள் முழுக்கக் காவல் நிற்கவா முடியும்?

பதில்: நாள் முழுக்கத் தேவையில்லை, ஒரு மணி நேரம் போதும். இங்கிலாந்தில் பல புறநகர் ஸ்டேஷன்களைச் சுற்றியுள்ள தெருக்களில் இந்த உத்தி உண்டு: காலை 10 முதல் 11 வரை, அல்லது நண்பகல் ஒரு மணி நேரம், வெளியாள் வண்டி நிற்கக் கூடாது. மற்ற நேரம் தாராளம். ரயிலேறிப் போனவரால் அந்த ஒரு மணி நேரத்துக்காகத் திரும்பி வந்து வண்டியை நகர்த்த முடியாது. உங்கள் வீட்டுக்கு மாலையில் வரும் விருந்தாளிக்கோ ஒரு சிரமமும் இல்லை. தெருவாசிகள் சேர்ந்து உள்ளாட்சியிடம் மனு கொடுக்கும்போது ‘நிறுத்தக் கூடாது’ என்று மொட்டையாகக் கேட்காமல் இப்படி நேரம் குறிப்பிட்டுக் கேளுங்கள். கண்காணிக்க வேண்டியதும் ஒரு மணி நேரம்தான் என்பதால் அவர்களுக்கும் சம்மதிப்பது எளிது.

கேள்வி: டோக்கனின் பின்னால் ‘சேதத்துக்கும் திருட்டுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருக்கிறார்கள். காசும் வாங்கிக்கொண்டு பொறுப்பும் இல்லையென்றால் என்ன அர்த்தம்?

பதில்: சட்டம் இங்கே ஒரு நுணுக்கமான கேள்வியைக் கேட்கும். நீங்கள் வண்டியை அவர்கள் கையில் ஒப்படைத்தீர்களா, அல்லது அவர்கள் நிலத்தில் நிறுத்திக்கொள்ள அனுமதி மட்டும் வாங்கினீர்களா? சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் ஒப்படைப்பு என்று வாதாட வலு அதிகம். பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனால் வெறும் அனுமதி என்று சொல்ல வாய்ப்பு உண்டு. 1937-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. டிக்கெட் தொலைந்துவிட்டது என்று சொன்ன திருடனைக் காவலாளி நம்பி, காரை எடுத்துப் போக விட்டுவிட்டார். அது ஒப்படைப்பு இல்லை, நிறுத்திக்கொள்ளும் அனுமதிதான் என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் கார்க்காரருக்கு இழப்பீடு இல்லை என்றது. கேட்க வயிறெரியும் தீர்ப்பு.

மறுபக்கமும் உண்டு. 1970-இல் அதே நீதிமன்றத்தில், கார் நிறுத்துமிடத்தில் காயம்பட்ட ஒருவரின் வழக்கு வந்தது. இயந்திரம் துப்பிய டிக்கெட்டில் சிறிய எழுத்தில், நிபந்தனைகள் உள்ளே ஒட்டப்பட்டிருக்கின்றன என்று இருந்தது. டிக்கெட் கைக்கு வரும்போதே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, அதற்கு அப்புறம் காட்டும் நிபந்தனை செல்லாது என்றார் நீதிபதி டென்னிங். அவ்வளவு கடுமையான நிபந்தனை என்றால் சிவப்பு மையில் அச்சடித்து, அதைச் சுட்டும் கையும் வரைந்திருக்க வேண்டும் என்பது அவருடைய பார்வை.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், ஆகவே வழக்கு என்று வந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை ஒன்று செய்யலாம். வண்டியை விட்டதும் நம்பர் பிளேட்டும் பக்கத்துத் தூணும் தெரியும்படி செல்போனில் ஒரு படம். பத்து வினாடி வேலை. கீறல் காலையில் இருந்ததா இல்லையா என்ற வாக்குவாதம் அதோடு முடியும்.

கேள்வி: பத்து நாள் ஊருக்குப் போகிறேன். வண்டியை ஸ்டேஷனிலேயே விட்டுப் போனால் திரும்பி வரும்போது ஸ்டார்ட் ஆகுமா?

பதில்: முதலில், அத்தனை நாள் விட அனுமதி உண்டா என்று கேளுங்கள். பல இடங்களில் சில நாட்களுக்கு மேல் நின்றால் கைவிட்ட வண்டி என்று இழுத்துப் போய்விடுவார்கள். பேட்டரி விஷயம்: நிறுத்திய காரும் கடிகாரம், அலாரம் போன்றவற்றுக்காக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, பத்து நாளைக்கு 12. பேட்டரி 45 ஆம்பியர்-மணி, நல்ல நிலையில் இருந்தால் கவலையில்லை. நான்கு வருடப் பழசு என்றால் சந்தேகம்தான். ஸ்கூட்டரில் பேட்டரி மிகச் சிறியது. அதில் ஜிபிஎஸ் கருவி தனியாகப் பொருத்தியிருந்தால் கிளம்பும் முன் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: ஸ்டேஷனில் வேகமான மின் சார்ஜர் வைக்கச் சொல்லி மனு கொடுக்கப் போகிறோம். ஆதரவு தருவீர்களா?

பதில்: மனுவில் ‘வேகமான’ என்ற சொல்லை அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்பது மணி நேரம் நிற்கப் போகிற வண்டிக்கு வேகம் எதற்கு? 3.3 கிலோவாட் தரும் எளிய இணைப்பே ஒன்பது மணி நேரத்தில் கிட்டத்தட்ட 30 யூனிட் ஏற்றிவிடும். வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை ஓடும் தூரத்துக்கு அது பல மடங்கு. வேகமான சார்ஜரில் ஒரு மணி நேரத்தில் நிறைந்துவிட்ட வண்டியை எடுக்க ஆள் இருக்க மாட்டார். அவர் அலுவலகத்தில் இருப்பார், வண்டி மாலை வரை சார்ஜரை மறித்துக்கொண்டு நிற்கும். ஒரு வேகமான சார்ஜருக்கு ஆகும் செலவில் மெதுவானவை எத்தனையோ வைக்கலாம்.

கேள்வி: வீட்டுக்காரர் காலையில் கொண்டுவிட்டு, மாலையில் வந்து அழைத்துப் போகிறார். இதுதானே எல்லாவற்றிலும் நல்லது?

பதில்: இடத்துக்கு நல்லது, பெட்ரோலுக்குக் கேடு. வண்டி இரண்டு தடவைக்குப் பதில் நான்கு தடவை ஓடுகிறது. காலையில் மூன்று நிமிடம் நின்றால் போதும், ஒரு கட்டத்தில் மணிக்கு இருபது பேரை இறக்கிவிடலாம். மாலையில்தான் கஷ்டம். அழைத்துப் போக வருகிறவர்கள் பத்து நிமிடம் முன்பே வந்து காத்திருப்பார்கள், ரயில் தாமதமென்றால் இன்னும் நேரமாகும். வாசல் அடைபடுவது அதனால்தான். ரயில் நின்ற பிறகு போன் செய்து வரச் சொல்லுங்கள்.

கேள்வி: டிக்கெட் எடுக்கும் ஐந்து நிமிடம் குழந்தையைக் காரில் விட்டுப் போகலாமா? கண்ணாடியை இறக்கித்தான் வைப்பேன்.

பதில்: வேண்டாம். நின்ற காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுவதாக 2005-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சற்று இறக்குவதால் பெரிய வித்தியாசமும் இல்லை. கவுண்டரில் வரிசை ஐந்து நிமிடமாக இருக்காது என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: சைக்கிளில் வர ஆசை. ஆனால் திருட்டுப் பயம்.

பதில்: நெதர்லாந்தின் உட்ரெக்ட் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிற்கும் மூன்று தள நிறுத்துமிடம் 2019-இல் முழுமையாகத் திறந்தது. சைக்கிளை ஓட்டிக்கொண்டே உள்ளே போகலாம், முதல் 24 மணி நேரம் இலவசம். அதெல்லாம் நமக்கு வரும்போது வரட்டும். இப்போதைக்கு, கம்பிப் பூட்டை நம்பாதீர்கள், கட்டர் பட்டால் சில வினாடி. யு வடிவ இரும்புப் பூட்டு வாங்கி, சட்டகத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, மண்ணில் ஊன்றிய கம்பியோடு பூட்டுங்கள். முன்சக்கரத்தை மட்டும் பூட்டிப் போனவருக்கு மாலையில் அந்தச் சக்கரம் மட்டும் மிஞ்சும்.

கேள்வி: இரண்டாவது ஷிப்ட். கடைசி ரயிலில் திரும்புகிறேன். என் ஸ்கூட்டர் எப்போதும் விளக்கில்லாத கோடியில்தான் நிற்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: விதி தலைகீழாக இருப்பதன் பலன் இது. காலை ஆறரைக்கு வந்தவர் வாசலை ஒட்டி நிறுத்துகிறார், வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துப் போய்விடுகிறார். மதியம் வருகிற உங்களுக்கு மிஞ்சுவது கோடி, அதையும் நடுராத்திரியில் போய் எடுக்க வேண்டும். வாசலருகே ஒரு வரிசையைக் கயிறு கட்டி வைத்து மதியத்துக்கு மேல் திறக்கும்படி ஸ்டாண்டுக்காரரிடம் கேளுங்கள். ஷிப்ட்டுக்குப் போகும் நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் மறுப்பது கடினம். அது நடக்கும் வரை, ஏழு மணிக்கு மேல் அங்கிருக்கும் தெரிந்தவர் யாரிடமாவது சொல்லி, காலியான முன்வரிசைக்கு வண்டியை மாற்றி வைக்கச் சொல்ல முடியுமா பாருங்கள். உதிரிச் சாவி ஒன்று வேண்டியிருக்கும்.