எஸ்னா கோயிலின் வண்ணங்கள் – கடிதம், பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எகிப்தில் எஸ்னா என்ற ஊரில் இருக்கும் கோயிலின் கூரைப் படங்களை என் மகள் கைபேசியில் காட்டினாள். நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக ஜொலிக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடப் பழைய சாயம் என்று போட்டிருந்தார்கள். நம்ப முடியவில்லை. புதிதாகப் பெயிண்ட் அடித்துவிட்டு இப்படிச் சொல்கிறார்களா? எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் சாண்ட் பிளாஸ்டிங் செய்து, அதாவது மணலை வேகமாகப் பீய்ச்சியடித்து, கல்லைப் பளிச்சென்று ஆக்கினார்கள். கல்வெட்டில் பாதி எழுத்து போய்விட்டது. அதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன். பழசைப் பழசாகவே விட்டுவைத்தால் என்ன? அந்தக் கரியும் கோயிலின் வயதுதானே?

ரா., கும்பகோணம்

அன்புள்ள ரா.,

பெயிண்ட் அடிக்கவில்லை. படத்தில் நீங்கள் பார்த்தது ரோமானியர் ஆண்ட காலத்து எகிப்திய ஓவியர்கள் பூசிய அதே சாயம்தான். மேலே படிந்திருந்த கரியையும் தூசியையும் பறவை எச்சத்தையும் மட்டும் எடுத்திருக்கிறார்கள். எகிப்தின் தொல்பொருள் துறையும் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2018-இல் இந்த வேலையைத் தொடங்கின.

எஸ்னா, லக்சர் நகரத்துக்குத் தெற்கே நைல் கரையில் இருக்கிறது. கோயில் க்னூம் என்ற ஆட்டுத்தலைக் கடவுளுக்கு உரியது. குயவர் சக்கரத்தில் களிமண்ணை வைத்து மனிதர்களை வனைந்தவர் இவர் என்பது எகிப்தியர் நம்பிக்கை. இன்று மிஞ்சியிருப்பது முன்மண்டபம் மட்டும்தான். 37 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம், 24 தூண்கள். பேரரசர் கிளாடியஸ் காலத்தில் (கி.பி. 41–54) கட்ட ஆரம்பித்தார்கள். சுவரிலும் தூணிலும் எழுத்து வெட்டும் வேலை அதற்கப்புறம் இருநூறு வருடம் வரை நடந்தது. ஊர் மேடேறிக்கொண்டே போனதால் இன்று தெருவிலிருந்து சுமார் ஒன்பது மீட்டர் கீழே இறங்கித்தான் மண்டபத்துக்குள் போக வேண்டும். பின்னாளில் அது பருத்திக் கிடங்காகவும் இருந்திருக்கிறது. அந்தப் புழக்கமெல்லாம் சேர்ந்துதான் கூரை விறகடுப்பு எரிந்த அடுப்படி போலக் கறுத்துப்போனது.

அந்தக் கரி ஒரு நல்லதும் செய்தது. வெளிச்சமும் காற்றும் சாயத்தைத் தின்றுவிடாமல் மூடி வைத்தது. எகிப்தில் பெரும்பாலான கோயில்களில் வண்ணம் உதிர்ந்து வெறும் கல் மட்டும் நிற்க, எஸ்னாவில் இவ்வளவு மிஞ்சியதற்கு அதுதான் காரணம்.

அப்படியென்றால் எதற்குத் துடைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். என் பதில் இதுதான்: கரிக்கு அடியில் எழுத்து இருந்தது.

செர்ஜ் சோனரோன் என்ற பிரெஞ்சு அறிஞர் இந்தக் கோயிலின் எழுத்துகளைப் படியெடுத்துத் தொகுதி தொகுதியாக வெளியிட்டவர். அசாத்திய உழைப்பு. எஸ்னா எழுத்து லேசுப்பட்டதும் இல்லை. க்னூமைப் பாடும் ஒரு துதி கிட்டத்தட்ட முழுக்க ஆட்டின் உருவத்தாலேயே எழுதப்பட்டிருக்கிறது, இன்னொன்று முதலை உருவத்தால். அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் வரிகள் அவை. ஆனால் சோனரோனால் படிக்க முடிந்தது கல்லில் வெட்டிய எழுத்தை மட்டும்தான். கூரையில் பல உருவங்களுக்குப் பக்கத்தில் பெயரை வெட்டவே இல்லை, மையால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். கறுப்புப் படலத்துக்கு அடியில் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. துடைத்த பிறகு விண்மீன் கூட்டங்களின் பெயர்கள் வெளியே வந்தன. ‘ரா தேவனின் வாத்துகள்’ என்று ஒரு விண்மீன் கூட்டம்! ரா என்பது எகிப்தியரின் சூரியக் கடவுள். அந்தக் கூட்டம் வானத்தில் எது என்று அடையாளம் காண்பது இனிமேல் நடக்க வேண்டிய ஆராய்ச்சி. மேற்குச் சுவரில் சிவப்பு மையில் ஒரு கிரேக்கக் குறிப்பும் கிடைத்தது. பேரரசர் டொமிஷியன் காலத்து (81–96) எபிஃபி என்ற எகிப்திய மாதத்தின் ஐந்தாம் நாள் என்று தேதி போட்டிருக்கிறது. கோயில் எப்போது கட்டி முடிந்தது என்ற பழைய கேள்விக்கு அது ஒரு பிடி கொடுக்கிறது.

மைய வரிசைக் கூரையில் இறக்கை விரித்த தேவியர் 46 பேர். 24 பேருக்குக் கழுகுத் தலை, அவள் தென் எகிப்தின் காவல் தெய்வம் நெக்பெத். 22 பேருக்கு நாகத் தலை, அவள் வட எகிப்தின் வாஜெத். இன்னொரு பக்கம் பன்னிரண்டு ராசிகளும் வியாழன், சனி, செவ்வாயும் இருக்கின்றன. முதலைத் தலையும் பாம்பு வாலும் நாலு இறக்கையும் கொண்ட ஒரு பறவையும் உண்டு. அதன் ஒவ்வொரு இறகையும் எவ்வளவு பொறுமையாகத் தீட்டியிருக்கிறார்கள் பாருங்கள். தரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது. தெரிந்தேதான் தீட்டியிருக்கிறார்கள்.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் நடந்ததை இதோடு சேர்க்காதீர்கள். சாண்ட் பிளாஸ்டிங் கல்லின் தோலையே உரித்துவிடுகிறது. எழுத்து அந்தத் தோலில்தான் இருக்கிறது. அது சுத்தம் செய்வது அல்ல, அழிப்பது. உங்கள் கோபம் முழுக்க நியாயம்.

கரியும் வயதுதானே என்ற கேள்வி மட்டும் எளிதானதல்ல. அந்த மண்டபத்தில் புழங்கியவர்களின் தடயம் அது. அதனால்தான் துடைப்பதற்கு முன்னும் பின்னும் எல்லாவற்றையும் படமெடுத்துப் பதிவுசெய்வது துடைப்பதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். எஸ்னாவில் அந்தப் பதிவு நடக்கிறது. மேலே இருந்த படலமும் ஒருவர் கையால் தீட்டியதாக இருந்திருந்தால் முடிவெடுப்பது இன்னும் கடினம். உங்களுக்குப் பக்கத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டார். பிற்பாடு இந்தியத் தொல்லியல் துறை மேல் படலத்தைச் சுரண்டிப் போடாமல், சில இடங்களில் அப்படியே பெயர்த்து ஃபைபர் கிளாஸ் பலகையில் ஏற்றிக் காப்பாற்றியது. இரண்டு படலமும் நமக்கு மிஞ்சின.

எகிப்திலேயே இருக்கும் டெண்டெரா கோயிலுக்கு 1821-இல் நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். அங்கிருந்த ராசிச் சக்கரக் கூரையை ரம்பத்தாலும் வெடிமருந்தாலும் பெயர்த்துப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அது லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, டெண்டெராவில் இருப்பது நகல். எஸ்னாவின் ராசிகள் தங்கள் கூரையிலேயே இருப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

எப்போதாவது லக்சர் போனால் எஸ்னாவுக்கும் நேரம் ஒதுக்குங்கள். பைனாகுலர் கட்டாயம் வேண்டும், கூரை அவ்வளவு உயரம். மகளையும் அழைத்துப் போங்கள்.