ஆப்பிரிக்கக் கலைஞர்கள் சேறு, பாட்டில் மூடி என்று உள்ளூரில் கிடைப்பதை வைத்துச் செய்வது வேறு வழியில்லாமலா?

பெரும்பாலும் இல்லை. அந்தப் பொருள் செய்கிற வேலையை வேறொன்று செய்யாது.

மாலி நாட்டின் போகோலன் துணியைப் பாருங்கள். ஆண்கள் நெய்த பருத்தித் துணியில் பமனா இனப் பெண்கள் தீட்டுவது வழக்கம். முதலில் இலைச்சாற்றில் முக்கி வெயிலில் உலர்த்தினால் துணி மஞ்சளாகும். அப்புறம் நீண்ட நாள் பானையில் ஊறிய குளத்துச் சேற்றைப் பூசுவார்கள். சேற்றிலுள்ள இரும்பும் இலையின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து கருப்பாக நூலில் பிடித்துக்கொள்ளும், அலசினாலும் போகாது. வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக் கோடுகளை யாரும் வரைவதில்லை. கருப்பைச் சுற்றிலும் பூசி இடைவெளி விடுகிறார்கள். மிஞ்சிய மஞ்சளைக் காரப்பொருள் (alkali) தடவி வெளுக்கிறார்கள்.

இக்காலத்தவரில் எல் அனட்சுயி என்ற சிற்பியைப் பாருங்கள். 1944-இல் கானாவில் பிறந்து, நைஜீரியாவின் நுசுக்காவில் ஆசிரியராக இருந்தவர். மதுபாட்டில்களின் அலுமினிய மூடிகளைத் தட்டி, செம்புக் கம்பியால் கோத்து, சுவரளவுக்குத் தொங்கவிடுகிறார். இதைக் 'குப்பையிலிருந்து கலை' என்று சுருக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. மது, ஐரோப்பியர் ஆப்பிரிக்காவுக்குப் பண்டமாற்றாகக் கொண்டுவந்த சரக்கு. அந்த வரலாறும் மூடியோடு வருகிறது. மடிப்பை மாற்றித் தொங்கவிட்டால் அதே படைப்பு வேறு அரங்கில் வேறு உருவம் எடுக்கும்.