பில் அச்சாகவில்லை, "பிரிண்ட் ஸ்பூலர் இயங்கவில்லை" என்கிறது

பில் வரவில்லை என்று பிரிண்டரின் ரிப்பன் பெட்டியைக் கழற்றாதீர்கள். கம்ப்யூட்டரில் வருவதாக நீங்கள் சொல்லும் அந்தச் செய்தி பிரிண்டரைப் பற்றியதே இல்லை. ஸ்பூலர் என்பது விண்டோஸுக்குள் ஓடும் ஒரு சர்வீஸ், அதாவது பின்னணியில் தானாக இயங்கும் புரோகிராம். உங்களைப்போல் காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடை வைத்திருப்பவருக்கு ஸ்பூல் என்றதும் நூல் சுற்றும் கட்டைதான் ஞாபகம் வரும், அதில் தப்பில்லை.

ஸ்பூலரின் வேலையும் ஏறக்குறைய அதுதான். ஊடை நூலைத் தார்க்கட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு நெய்வதுபோல, பில்களை டிஸ்கில் சேர்த்து வைத்து, பிரிண்டரின் வேகத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாக விடும். பழைய கம்ப்யூட்டர்களில் நிஜமாகவே டேப் சுருளில் எழுதி வைத்துத்தான் அச்சடித்தார்கள்.

பாதி அச்சில் பிரிண்டரை அணைத்தீர்களா, கரண்ட் போனதா? ஒரு பில் கெட்டுப்போய் வரிசையை அடைத்திருக்கும்.

1. விண்டோஸில் 'சர்வீசஸ்' என்று தேடித் திறந்து பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள் (ஏற்கெனவே நின்றிருந்தால் சரி).

2. சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய் அங்குள்ள ஃபைல்களை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரில் கை வைக்க வேண்டாம்.

3. சர்வீஸை மறுபடி ஸ்டார்ட் செய்து, நோட்பேடில் ஒரு வரி அடித்து பிரிண்ட் கொடுங்கள். அது வந்து பில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு பில்லிங் சாஃப்ட்வேரில்.

காத்திருந்த பில்கள் எல்லாம் அழிந்துவிடும், மறுபடி எடுக்க வேண்டும். அப்புறம், கொஞ்ச நேரத்தில் ஸ்பூலர் திரும்ப நின்றால் பிரிண்டரை இயக்கும் சாஃப்ட்வேரான டிரைவர்மேல்தான் சந்தேகம். அதை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.