433 மெகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மாட்யூல் பத்தடிக்கு மேல் எடுக்கவில்லை. ஆன்டெனா எப்படி வைப்பது?

கேட்டவர் எஃப்.எஸ்.1000ஏ டிரான்ஸ்மிட்டரும் அதோடு ஜோடியாக வரும் பச்சை ரிசீவரும் வாங்கியிருக்கிறார். மேஜைமேல் நன்றாக வேலை செய்கிறதாம், அடுத்த அறைக்குப் போனால் சிக்னல் இல்லையாம். முதலில் போர்டின் மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு ஓட்டை காலியாக இருக்கும். ஆன்டெனா வைக்க வேண்டிய இடம் அதுதான். இந்த மாட்யூல்கள் பெரும்பாலும் மொட்டையாகத்தான் வருகின்றன. ரிசீவரிலும் அப்படி ஒரு ஓட்டை உண்டு, அதையும் விட்டுவிடாதீர்கள்.

எங்கள் தோட்டத்தில் வீட்டு மாடியில் தண்ணீர் டேங்க், அங்கிருந்து சுமார் 150 மீட்டரில் கிணற்று மோட்டார் ரூம். டேங்க் நிறைந்ததும் மோட்டார் ரூமில் பஸ்ஸர் அடிக்க வேண்டும் என்று இதே மாட்யூலைத்தான் வைத்தேன். ஆன்டெனா விஷயத்தில் நான் செய்யாத தப்பு இல்லை.

கம்பியின் நீளம் எளிய கணக்கு. ரேடியோ அலை நொடிக்கு 30 கோடி மீட்டர் போகிறது. அதை 43.392 கோடியால் (433.92 மெகாஹெர்ட்ஸ்) வகுத்தால் ஒரு அலையின் நீளம் 69 சென்டிமீட்டர் வரும். அதில் கால் பங்கு 17.3 செ.மீ. பழைய லேன் கேபிளை உரித்து, உள்ளே இருக்கும் ஒற்றைக் கம்பியை எடுத்து, இந்த நீளத்துக்கு வெட்டி ஈயம் வைத்துவிடுங்கள். மேலே பிளாஸ்டிக் உறை இருந்தால் கொஞ்சம் குறைவாக, 16.5 செ.மீ. பக்கத்தில் சரியாக வரும். 17.3-இல் வைத்துவிட்டு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நறுக்கிப் பார்க்கலாம். முதலிலேயே குட்டையாக வெட்டிவிட்டால் வேறு கம்பிதான்.

சிலர் கூடவே ஆன்டெனாவாக ஒரு சின்ன ஸ்பிரிங் தருவார்கள். பெட்டிக்குள் இடமே இல்லாதபோது அது உதவும். தூரம் வேண்டுமென்றால் தூக்கி ஓரமாக வையுங்கள், நேரான கம்பிக்கு அது ஈடாகாது.

பலரும் கோட்டைவிடும் இடம் அடுத்தது. 17 செ.மீ. கம்பி ஆன்டெனாவில் பாதிதான், மறுபாதி கிரவுண்ட் (GND என்று போட்டிருக்கும் நெகட்டிவ் பக்கம்). போர்டில் இருக்கும் கிரவுண்ட் கட்டைவிரல் நகம் அளவு செம்பு, அது போதாது. அதனால் கிரவுண்ட் பின்னில் இன்னொரு 17 செ.மீ. கம்பியை வைத்து, முதல் கம்பி மேல்நோக்கி நிற்க, இதைக் கீழ்நோக்கி நேராகத் தொங்கவிடுங்கள். டைபோல், அதாவது இரண்டு கை உள்ள முழு ஆன்டெனா ஆகிவிடும். இன்னும் நன்றாகச் செய்ய நினைத்தால், கிரவுண்டிலிருந்து நாலு கம்பியை 45 டிகிரி சாய்வில் குடைக்கம்பி மாதிரி கீழே விரித்துவிடுங்கள். எனக்கு அதிக வித்தியாசம் தெரிந்தது இந்த ஒரு வேலையில்தான். செலவு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை.

இரண்டு பக்கமும் கம்பி செங்குத்தாகவே இருக்கட்டும். ஒன்று நின்று ஒன்று படுத்திருந்தால் சிக்னல் கணிசமாகக் குறையும். அலை போகும் திசைக்குக் கம்பியின் நுனியை நீட்டிக் காட்டுவதும் தப்பு. டார்ச் அடிப்பதுபோல ரிசீவரை நோக்கி நீட்டத் தோன்றும், ஆனால் கம்பியின் நுனித் திசையில்தான் அது மிகக் குறைவாக வீசும்.

இனி இடம். என் டிரான்ஸ்மிட்டரை டேங்கின் பக்கச் சுவரில் டேப் போட்டு ஒட்டியிருந்தேன். பிளாஸ்டிக் டேங்க்தானே, என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு. டேங்க் காலியாக இருந்தபோது பலமுறை சோதித்தேன், ஒவ்வொரு முறையும் பஸ்ஸர் அடித்தது. மறுநாள் காலை அப்பாவிடமிருந்து போன்: “கண்ணு, டேங்க் வழிஞ்சு ஓடுது, உன்ற பொட்டி வாயே தொறக்கல!” யோசித்தபோதுதான் புரிந்தது. டேங்க் நிறைந்ததும் மோட்டார் ரூமுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே ஆயிரம் லிட்டர் தண்ணீர் சுவராக நிற்கிறது. சிக்னல் போக வேண்டிய அதே நேரத்தில்தான் வழி அடைபடுகிறது! அப்புறம் ஒரு பி.வி.சி. பைப்பை டேங்குக்கு மேலே ஒரு மீட்டர் உயர்த்திக் கட்டி, மாட்யூலையும் ஆன்டெனாவையும் அதற்குள்ளேயே வைத்து மூடியைப் போட்டேன். அன்றிலிருந்து தொல்லை இல்லை.

மாட்யூலைக் கீழே வைத்து, வெறும் ஒயரை நீட்டி மேலே ஆன்டெனா வைக்காதீர்கள். அந்த ஒயரும் ஆன்டெனாவின் நீளத்தில் சேர்ந்து கணக்கையே கெடுத்துவிடும். தள்ளி வைத்தே ஆக வேண்டுமென்றால் 50 ஓம் கோஆக்ஸ் கேபிள் (நடுக்கம்பியைச் சுற்றி வலைக்கம்பி உறை இருக்கும் கேபிள்). கையில் டிவி கேபிள்தான் இருக்கிறதா? சரி, அதையே போடுங்கள். 75 ஓம் என்பதால் பெரிய நஷ்டம் ஒன்றும் வராது.

ரிசீவரை முதலில் ஸ்டார்ட்டர் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன். இரும்பு சிக்னலை அடைத்துவிடும். அதைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, விட்டுவிடலாம். பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு ஜன்னலுக்கு வெளியே உயரத்தில் மாட்டினேன். உயரத்தைச் சும்மா சொல்லவில்லை. அலை ஒரு நூல்கோடாகப் போவதில்லை, நடுவழியில் ஊதிய பலூன்போல விரிந்து போகிறது. 150 மீட்டரில் அந்த விரிவு நடுக்கோட்டிலிருந்து சுமார் 5 மீட்டர் இருக்கும். வழியில் இருக்கும் தென்னையும் தகர ஷெட்டும் அதைக் கடிக்கும். மழையில் நனைந்த ஓலை இன்னும் அதிகமாகக் கடிக்கும்.

இவ்வளவும் செய்த பிறகு வோல்டேஜைத் தொடுங்கள். அந்த டிரான்ஸ்மிட்டர் 12 வோல்ட் வரை தாங்கும். ஆனால் வெட்டவெளியிலேயே தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் பவர் நாலு மடங்காக வேண்டும். அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. மலிவு மொபைல் சார்ஜரில் ரிசீவரை ஓட்டினால் அதன் இரைச்சலே சிக்னலை மூழ்கடித்துவிடும். ரிசீவரின் பவர் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரைப் போடுங்கள். முடிந்தால் அந்தப் பச்சை ரிசீவரையே மாற்றி ஆர்.எக்ஸ்.பி.6 போன்ற சூப்பர்ஹெட் (இரைச்சலிலிருந்து சிக்னலை நன்றாகப் பிரித்தெடுக்கும் வகை) ரிசீவர் வாங்குங்கள். என் கணக்கில் ஆன்டெனாவுக்கு அடுத்தபடி காசுக்குப் பலன் தருவது அதுதான்.

பின்னால் லோரா (இதைவிட அதிக தூரம் போகும் ரேடியோ) மாட்யூலுக்குப் போவதாக இருந்தால் இரண்டு விஷயம். ஆன்டெனா மாட்டாமல் டிரான்ஸ்மிட் செய்ய விடாதீர்கள், சிக்னலைப் பெருக்கி அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபயர் போய்விடலாம். பழைய வைஃபை ரூட்டரின் ஆன்டெனாவைக் கழற்றி மாட்டுவதும் வேண்டாம். அது 2.4 கிகாஹெர்ட்ஸுக்கானது. போதாததற்கு அதில் நடு ஊசி இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருக்கும். மரை சரியாக ஏறும், உள்ளே தொடர்பே இருக்காது.

சோதிக்கும்போது ரிசீவரில் ஒரு எல்.இ.டி. போட்டு, டிரான்ஸ்மிட்டரை நொடிக்கு ஒருமுறை அனுப்ப வைத்து, ஒருவர் ரிசீவரோடு நடந்து போகட்டும். அது சிமிட்டுவதை நிறுத்தும் இடத்தில் ஒரு கல்லை வையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கல் எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். டேங்குக்காக என்றால், அது நிறைந்திருக்கும்போது ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.