துவைக்கலாம் என்று சொல்லி விற்கும் சோபா: வாங்கும் முன் ஜிப்பைத் திறந்து பாருங்கள்

கேள்வி: சென்னை துரைப்பாக்கத்தில் மூன்றாவது மாடி ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான், கணவர், 6 வயதிலும் 2 வயதிலும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். பழைய ரெக்ஸின் சோபா உரிந்து கொட்டுகிறது. ஒரு ஷோரூமில் 'எல்' வடிவ மாடுலர் சோபா காட்டினார்கள். ஐந்து துண்டு, வேண்டியபடி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், கவர் எல்லாம் கழற்றித் துவைக்கலாம் என்றார்கள். தள்ளுபடி போக 68,000 ரூபாய். எங்கள் தெருவில் சோபா செய்கிறவர் அதே மாதிரி 45,000-க்குச் செய்து தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்? கவரைக் கழற்றித் துவைப்பதெல்லாம் நடக்கிற காரியமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நடக்கும், சோபா அதற்கென்றே செய்யப்பட்டிருந்தால். இதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான். ஷோரூமுக்கு மறுபடி போய், ஒரு சீட்டின் உறையை முழுசாகக் கழற்றித் திரும்ப மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் சுலபம் மேடம்" என்று வாயால் சொல்பவரை விடாதீர்கள். மெத்தையில் ஜிப் இருப்பதாலேயே அது துவைக்கிற உறை ஆகிவிடாது. பல சோபாக்களில் அந்த ஜிப், தைத்து முடித்த உறைக்குள் ஃபோமைத் திணிப்பதற்காகத் தொழிற்சாலையில் வைத்தது, அவ்வளவுதான். துணி தண்ணீர் பட்டால் சுருங்குகிற ரகமாகக்கூட இருக்கலாம்.

ஜிப்பைத் திறந்ததும் உள்பக்கத் தையலில் லேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டி படமும் அதில் 30 என்ற எண்ணும் இருந்தால் மெஷினில் 30 டிகிரி வரை போடலாம். தொட்டிக்குள் கை வரைந்திருந்தால் கையால் அலசுவதோடு சரி. தொட்டியின் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் வீட்டில் துவைக்கவே கூடாது. லேபிளே இல்லாத சோபாவை 'துவைக்கலாம்' என்று விற்றால், அந்த வார்த்தையை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்து, எந்தெந்த உறை கழலும் என்று கேளுங்கள். உட்காரும் மெத்தை, முதுகு மெத்தை இரண்டும் சாதாரணமாகக் கழன்றுவிடும். ஆனால் ஒரு வீட்டில் சோபா எங்கே அழுக்காகிறது? பிள்ளைகள் பிஸ்கட் கையைத் துடைப்பது கைப்பிடியில். பெரியவர்களின் தலையெண்ணெய் ஊறுவது சாய்மானத்தின் மேல் விளிம்பில். இந்த இரண்டு இடத்திலும் துணியைச் சட்டத்தோடு சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தால், துவைக்கும் சோபா என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. நன்றாகச் செய்த மாடுலரில் கைப்பிடி, அடிப்பாகம் உட்பட எல்லா உறையும் அடியில் வெல்க்ரோ பட்டையில் ஒட்டி நிற்கும், உரித்தால் வந்துவிடும். துண்டைக் கவிழ்த்துப் பார்க்க வெட்கப்படாதீர்கள்.

இப்போது கணக்கு. ஐந்து துண்டு என்றால் அடி உறை ஐந்து, சீட் உறை ஐந்து, முதுகு உறை நான்கைந்து, கைப்பிடி இரண்டு. ஏறக்குறைய பதினாறு பதினேழு உருப்படி. 6.5 கிலோ மெஷினில் கனமான செனில் துணி உறை ஒரு தடவைக்கு நாலுக்கு மேல் போட்டால் சரியாகச் சுழலாது. ஆக, முழு சோபாவையும் துவைப்பது ஒரு நாள் வேலை. அதைவிடப் பெரிய விஷயம் காயப்போடுவது. ஃபிளாட் பால்கனியில் இரண்டு கொடி இருக்கும். மார்ச்சில் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் கனத் துணி இரண்டு நாள் ஆனாலும் ஈரம் விடாது, ஈரத்தோடு மாட்டினால் ஃபோமில் பூஞ்சை வாடை ஏறும். அதனால்தான் இரண்டாவது செட் உறை என்ன விலை, இப்போதே கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்கச் சொல்கிறேன். எல்லாத் துண்டுக்கும் இல்லாவிட்டாலும், தினம் உட்காரும் மூன்று சீட்டுக்கும் கைப்பிடிகளுக்கும் ஒரு மாற்று வாங்கி வைத்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்துப் போனால் அந்த நிறம் நின்றுபோயிருக்கும், அல்லது அதே நிறம் வேறு சாயத்தில் வந்திருக்கும். ஒரே பகுதியின் உறைகளைச் சேர்த்துத்தான் துவைக்க வேண்டும். ஒன்றை மட்டும் நாலு முறை துவைத்தால் அது மட்டும் வெளுத்துத் தனியாகத் தெரியும்.

உங்கள் வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது. சிறுநீர் உறையோடு நின்றுவிடாது, ஃபோமுக்குள் போய்விடும். உறையை எத்தனை முறை துவைத்தாலும் வாடை உள்ளிருந்து வரும். ஃபோமுக்கும் உறைக்கும் நடுவே தண்ணீர் இறங்காத உள்ளுறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தனியாகத் தைத்துப் போடலாம். நீர் இறங்காத படலம் வெயில் காலத்தில் உட்காரும் இடத்தைச் சூடாக்கும் என்பது உண்மை. அதனால் குழந்தை உட்காருகிற சீட்டுகளுக்கு மட்டும் போடுங்கள், மாமியார் இடத்துக்கு வேண்டாம்.

ஜிப் திறந்ததில் இன்னொரு லாபம், ஃபோமைக் கண்ணால் பார்க்கலாம். '40 டென்சிட்டி' என்று எல்லாக் கடையிலும் சொல்வார்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு, கெட்டியா மெத்தா என்பது வேறு. எனவே இதை எடை போட்டே பார்த்துவிடலாம். 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 15 செ.மீ. கனமுள்ள ஃபோம் 40 டென்சிட்டி என்றால் சுமார் 2.2 கிலோ இருக்க வேண்டும். 32 என்றால் 1.7 கிலோ, 28 என்றால் ஒன்றரைக் கிலோ. பெட்டி தூக்கிப் பார்க்கும் கைத்தராசு ஒன்று போதும். மேலே பஞ்சு சுற்றியிருந்தால் அதற்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். பல நிறத் துணுக்குகளை அழுத்தி ஒட்டிய ரீபாண்டட் ஃபோம் எடையில் ஏமாற்றும், ஆனால் பார்த்தாலே தெரிந்துவிடும். தினம் ஐந்து பேர் உட்காரும் வீட்டுக்கு 28 வேண்டாம், சீக்கிரமே பள்ளம் விழும். முதுகு மெத்தைக்கு அது போதும்.

துணியைப் பற்றி 'மார்ட்டின்டேல்' என்று ஒரு எண் சொல்வார்கள். துணியை எத்தனை முறை தேய்த்தால் இழை அறுகிறது என்ற சோதனை. வீட்டு உபயோகத்துக்கு 20,000-க்கு மேல் இருந்தால் தாராளம், ஒரு லட்சம் என்று சொல்லி விலை ஏற்றினால் மயங்க வேண்டாம். சாயம் போகுமா போகாதா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. அதற்கு ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள் மடிப்பில் அழுத்தித் தேய்த்துப் பார்ப்பதே போதும்.

மாடுலர் சோபாவின் பலவீனம் இணைப்பு. 1970-இல் இத்தாலியின் மாரியோ பெல்லினி வடிவமைத்த 'கமலியோண்டா' சோபாவில் துண்டுகளைக் கம்பிவடம், கொக்கி, வளையம் வைத்து இறுக்கிக் கட்டினார்கள். இன்று நம் கடைகளில் சிலதில் உலோகக் கவ்வி, சிலதில் வெறும் வெல்க்ரோ, சிலதில் ஒன்றுமே இல்லை. ஷோரூமில் கம்பளத்தின் மேல் போட்டிருப்பதால் தெரியாது. உங்கள் வீட்டு டைல்ஸ் தரையில் சாயந்தரத்துக்குள் துண்டுகள் விலகி, நடுவில் ரிமோட்டும் சாவியும் விழுந்து, பெரியவன் அதற்குள் கையை விட்டுக்கொண்டிருப்பான். உலோகக் கவ்வியும் காலடியில் ரப்பரும் இருப்பதையே எடுங்கள். அப்படியே ஒரு துண்டின் முன் மூலையை அரையடி தூக்குங்கள். பக்கத்து முன் காலும் உடனே கூட எழ வேண்டும். அது தரையிலேயே இருந்தால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். கால் நாலு அங்குலமாவது உயரம் இல்லையென்றால் அடியில் மாப் போகாது.

மாமியார் விஷயத்தில் அழகைப் பார்க்காதீர்கள். மாடுலர் சோபாக்கள் பல தாழ்வாகவும் ஆழமாகவும் இருக்கும். காலை மடக்கிச் சம்மணம் போட்டு டிவி பார்க்கச் சுகம், முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்கத்தான் திண்டாட்டம். சீட் உயரம் 17, 18 அங்குலம், ஆழம் 22 அங்குலத்துக்குள், பக்கத்தில் ஊன்ற உறுதியான கைப்பிடி. இந்த அளவில் ஒரு துண்டாவது இருக்க வேண்டும். அவரையே கூட்டிப்போய்க் கால் மணி நேரம் உட்கார வைத்து, துணையில்லாமல் எழச் சொல்லிப் பாருங்கள்.

சரி, 68,000-ஆ 45,000-ஆ? வாடகை வீடு என்கிறீர்கள். நாளைக்கு வீடு மாறினால் துண்டுத் துண்டாக லிஃப்டில் இறக்கலாம், புது ஹால் வேறு வடிவம் என்றாலும் மாற்றிப் போடலாம். ஆக மாடுலர் உங்களுக்கு ஆடம்பரம் இல்லை. யாரிடம் என்பதில் என் சாய்வு தெருவில் செய்கிறவர் பக்கம்தான், மூன்று விஷயத்துக்கு அவர் ஒப்புக்கொண்டால். துணியை வெட்டுவதற்கு முன் ஒரு முறை அலசிக் காயவைக்க வேண்டும். எந்த உறையிலும் ஸ்டேப்ளர் பின் கூடாது, வெல்க்ரோவும் ஜிப்பும்தான். முதலில் ஒரே ஒரு துண்டை முடித்துக் காட்ட வேண்டும், மீதிக்கு அட்வான்ஸ் அப்புறம்தான். மாமியாருக்கு வேண்டிய உயரத்தில் அவர் செய்து தருவார், மிச்சமாகும் 23,000-இல் மாற்று உறையும் தைக்கலாம். அவருக்கு இந்த மாதிரி வேலை பழக்கமில்லை என்று பட்டால் தயங்காமல் ஷோரூமுக்குப் போங்கள், உறையைக் கழற்றிக் காட்டிய ஷோரூமாக இருந்தால்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகர்): 'மெஷின் வாஷ்' என்று கடை விளம்பரத்தில் போட்டிருந்த சோபா வாங்கினேன். ஆறு மாதம் கழித்து முதல் முறை துவைத்ததில் பருத்தி உறைகள் சுருங்கி ஜிப் மூடவில்லை. வெந்நீரில் போட்டிருப்பீர்கள் என்கிறார் கடைக்காரர். பில்லில் 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது' என்று அச்சடித்திருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: அந்த அச்சு வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதே முறையற்ற வணிகம். உங்களுக்கு அந்த 30 நாள் தாண்டிவிட்டது. ஆனால் இல்லாத தரத்தை இருப்பதாக விளம்பரம் செய்ததும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். உங்கள் வாதத்தை அதன் மேல் வையுங்கள். புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

முதலில் விளம்பரம், லேபிள், மூடாத ஜிப் மூன்றையும் படம் எடுங்கள். அலசாத பருத்தித் துணி 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சகஜம், 60 செ.மீ. உறையில் அது 2, 3 செ.மீ. வரும். மெஷினில் துவைக்கலாம் என்று விற்பவர் அதற்கு இடம் விட்டுத் தைத்திருக்க வேண்டும். முழு சோபாவுக்கும் பணம் கேட்காதீர்கள், புது உறை செட் கேளுங்கள், சீக்கிரம் முடியும். கடைக்கு எழுத்தில் கொடுத்து, பதில் இல்லையென்றால் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. அதுவரை ஒரு யோசனை: உறை லேசாக ஈரமாக இருக்கும்போதே இழுத்து மாட்டிப் பாருங்கள். பருத்தி கொஞ்சம் நீண்டு கொடுக்கும்.

கேள்வி (ஈரோட்டிலிருந்து): வெளிர் நிற சோபா உறையில் சாம்பார் கொட்டிவிட்டது. சோப்புப் போட்டதும் கறை சிவப்பாகிவிட்டது. துணி போச்சா?

பதில்: ஈரோட்டிலிருந்து மஞ்சள் கறைக்கு யோசனை கேட்பது கொஞ்சம் வேடிக்கைதான். போகவில்லை, பயப்படாதீர்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தித் தண்ணீர் சிவப்பதும் இதனால்தான். சோப்பு முழுவதும் போகும்வரை பச்சைத் தண்ணீரில் அலசினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பிவிடும். மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. கறைப் பக்கம் மேலே தெரியும்படி விரித்து, இரண்டு மூன்று நாள் மத்தியான வெயில் காட்டுங்கள். உங்களுடையது வெளிர் நிறம் என்பதால் துணியின் சாயம் மங்கினாலும் தெரியாது. அடர் நிற உறை வைத்திருப்பவர்கள் மட்டும் மணிக்கு ஒரு முறை போய்ப் பார்த்து, கறை போனதும் எடுத்துவிடுங்கள்.