பொதுவெளிச் சிற்பங்களில், குறிப்பாக நீரூற்றுகளில், நீங்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பது யாருடையவை? ஏன்?

ழான் தேங்லி. சுவிட்சர்லாந்துக்காரர். 1925-ல் ஃப்ரிபூர் நகரில் பிறந்து, பாசெலில் வளர்ந்து, 1991-ல் மறைந்தார். நான் பல வருடங்களாகப் பாசெலில்தான் இருக்கிறேன். அவருடைய நீரூற்று ஒன்று நான் வேலைக்குப் போகும் வழியில் இருக்கிறது என்பதால், திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு நான் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. ஆனால் வழியில் இருக்கும் எத்தனையோ சிலைகளைக் கடந்து போய்க்கொண்டேதான் இருக்கிறேன். இதன் முன்னால் மட்டும் கால் நின்றுவிடுகிறது.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நீரூற்றுகளில் தண்ணீர் ஓர் அலங்காரம். நடுவில் கடவுளோ குதிரையோ அரசனோ நிற்பார்கள், சுற்றிலும் தண்ணீர் பொங்கும். தண்ணீரை நிறுத்தினாலும் அந்தச் சிலைக்கு ஒரு குறையும் வராது. தேங்லியின் நீரூற்றுகளில் தண்ணீருக்கு வேலை இருக்கிறது. இரும்பு உருவங்கள் அதை அள்ளுகின்றன, வடிக்கின்றன, பீய்ச்சுகின்றன, சுழற்றி எறிகின்றன. தண்ணீர் இல்லையென்றால் அவற்றுக்கும் வேலை இல்லை. நாள் முழுவதும் உழைத்தும் எதையும் உற்பத்தி செய்யாத இயந்திரங்கள் அவை. எல்லா இயந்திரமும் எதையாவது தயாரித்தே ஆகவேண்டிய ஓர் ஊரில், மருந்துத் தொழிலின் தலைநகர் போன்ற பாசெலில், இப்படி ஒன்று நடுச்சந்தியில் இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

பாசெல் நீரூற்றின் கதை இது. நகரத்தின் பழைய நாடக அரங்கை 1975-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பக்கத்திலேயே புதிய அரங்கு வந்தது. பழைய அரங்கின் மேடை இருந்த இடத்தில்தான் 1977-ல் தேங்லி தன் நீரூற்றை அமைத்தார். ஆழமில்லாத ஒரு தொட்டி, அடியில் கறுப்புத் தார். அதற்குள் பத்து உருவங்கள். சிலவற்றில் இடிக்கப்பட்ட அரங்கின் மேடை இயந்திரப் பாகங்களே இருக்கின்றன. திரைச்சீலையையும் காட்சித் தட்டிகளையும் நகர்த்திக்கொண்டிருந்த இரும்பு இன்று தண்ணீரை நகர்த்துகிறது. நடிகர்கள் போய்விட்டார்கள், மேடைக்குப் பின்னால் ஒளிந்து வேலை செய்த சாமான்கள் முன்னால் வந்து நடிக்கின்றன. நினைவுச்சின்னம் என்று கல்வெட்டு வைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று நினைக்கிறேன்.

உருவங்கள் எல்லாம் மிகக் குறைந்த அழுத்த மின்சாரத்தில் ஓடுகின்றன. அந்த அசைவில் அவசரமே இல்லை. பெரிய பம்பு வைத்து வானத்துக்கு அடிக்கும் வேலையும் இல்லை. ஊர்க்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் பாசெல் பேச்சுமொழியில் பெயர் சொல்கிறார்கள்: நாடகத் தலை, சிலந்தி, தெளிப்பவர், ஆட்டக்காரர், குழல் ஊதுபவர், இப்படி. இந்த நீரூற்றுக்கே திருவிழா நீரூற்று என்றுதான் பெயர். பாசெலின் ஃபாஸ்நாக்ட் திருவிழா திங்கட்கிழமை விடியற்காலை 4 மணிக்கு, தெருவிளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, மேளமும் சிறுகுழலுமாகத் தொடங்கும். தேங்லி அந்தத் திருவிழாவில் வெறும் பார்வையாளராக நின்றவர் அல்ல. 1974-ல் ஓர் ஊர்வலக் குழுவுக்காக வேடங்களை வடிவமைத்துக் கொடுத்தவர். முகமூடி போட்ட கூட்டம் ஒன்று தண்ணீருக்குள் இறங்கிவிட்டதைப் போலத்தான் அந்த உருவங்கள் இருக்கும்.

எனக்குப் பிடித்தது அள்ளுகிறவர். ஒரு கை, அதன் முனையில் கரண்டி மாதிரி ஒன்று. கை தாழும், நீரில் அமிழும், கொஞ்சம் அள்ளும், தூக்கும்போதே பாதி வழியும், மிச்சத்தை வீசும், மறுபடி தாழும். அவ்வளவுதான். ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியப்பா, யாழ்ப்பாணத்தில் தோட்டம் செய்தவர், இதற்கு முன்னால் வெகுநேரம் நின்றார். "தம்பி, இவர் துலா மிதிக்கிற மாதிரிக் கிடக்கு. ஆனா தோட்டத்துக்கு ஒரு சொட்டும் போகேல்லை" என்றார். கலை விமர்சகர்கள் எழுதியதை நானும் கொஞ்சம் படித்திருக்கிறேன். தேங்லியைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் பார்க்கவில்லை. இறைக்கும் உழைப்பு அப்படியே இருக்கிறது, பயன் மட்டும் கழற்றப்பட்டிருக்கிறது. அப்படிக் கழற்றியபின் உழைப்பின் தாளம் தனியாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

குளிர்காலத்தில் இன்னொரு விஷயம் நடக்கும். சுவிட்சர்லாந்தில் பனிக்காலம் வந்தால் நிறைய அலங்கார நீரூற்றுகளை நிறுத்திவிடுவார்கள். இதை ஓடவிடுகிறார்கள். நல்ல உறைகுளிரில் தெறிக்கும் நீர் இரும்பிலேயே படிந்து பனிக்கட்டியாக ஏறும். மெல்லிய கம்பிகள் தடித்துப்போகும், கைகளிலிருந்து விழுதுகள் தொங்கும், சில உருவங்களின் வடிவமே மாறிவிடும். சிற்பி செய்து முடித்ததைக் குளிர் தன் பங்குக்குத் தொடர்கிறது. கோடையில் மட்டும் பார்த்தவர்கள் பாதிதான் பார்த்திருக்கிறார்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

தேங்லிக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு சிறுவயதிலேயே தொடங்கியது. பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது காட்டுக்குள் ஓர் ஓடையில் சின்னச் சின்ன நீர்ச்சக்கரங்களை வரிசையாக வைத்திருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சக்கரம் சுற்றும்போது அதோடு இணைந்த சிறு சுத்தியல் தகர டப்பாவில் தட்டும். ஒவ்வொன்றும் வேறு வேறு வேகம், வேறு வேறு ஓசை. அசைவு, ஓசை, தண்ணீர், தூக்கிப்போட்ட தகரம் என்று பின்னால் செய்ததற்கெல்லாம் வேண்டிய சரக்கு அப்போதே சேர்ந்துவிட்டது. அப்புறம் கடை அலங்காரக்காரராகப் பயிற்சி பெற்றார். தெருவில் போகிறவனை ஒரு கணம் நிறுத்துவது எப்படி என்பதை அங்கே கற்றிருப்பார் என்பது என் ஊகம்.

அவர் உலகப் புகழ் பெற்றது ஒரு நீரூற்றால் அல்ல. 1960 மார்ச்சில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், சைக்கிள் சக்கரங்கள், பழைய பியானோ, மோட்டார்கள் எல்லாவற்றையும் பூட்டி, தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் ஒரு பெரிய இயந்திரத்தை இயக்கிக் காட்டினார். அது ஓடி, புகைந்து, தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர் வந்து முடித்து வைக்க வேண்டியிருந்தது. அரை மணி நேரம்கூட நீடிக்காத ஒன்றைச் செய்த அதே மனிதர், பின்னால் பல தலைமுறை ஓடவேண்டிய நீரூற்றுகளைச் செய்தார். இரண்டும் ஒரே எண்ணத்திலிருந்து வந்தவைதான். அவருக்கு நிற்பது என்றால் இறப்பது. அழிகிறதும் அசைவு, அள்ளுகிறதும் அசைவு.

பாரிஸ் போகிறவர்கள் பொம்பிடு மையம் என்ற நவீனக் கலைக்கூடத்துக்குப் பக்கத்தில், இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் பெயரில் இருக்கும் நீரூற்றைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். 1983-ல் வந்தது. ஒரு பக்கம் பொம்பிடு மையத்தின் குழாய்கள், மறு பக்கம் சேன் மெரி என்ற பழைய தேவாலயம், நடுவில் 16 உருவங்கள். அந்தச் சதுக்கத்துக்கு அடியில் ஒரு பெரிய இசை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தரைக்குக் கீழே ஒலிக்கூடங்கள் இருப்பதால் மேலே பாரம் ஏற்றமுடியாது. ஆகவே தொட்டி ஆழமில்லாமல், உருவங்கள் கனமில்லாமல் இருக்கவேண்டும். இந்தக் கட்டுப்பாடு தேங்லிக்குக் கைவந்த பாதை. ஆழமில்லாத நீரை ஏற்கெனவே பாசெலில் பழகியவர் அல்லவா.

அங்கே இன்னொரு கையும் சேர்ந்தது. நிக்கி த சேன் ஃபால் என்ற சிற்பி, அவருடைய மனைவி. தன்னுடைய கறுப்பு இயந்திரங்கள் மட்டும் இருந்தால் போதாது, நிக்கியின் வண்ண உருவங்களும் வேண்டும் என்று வற்புறுத்தியவர் தேங்லிதான். இந்த வேலை எனக்குக் கிடைத்தது, நானே முழுக்கச் செய்கிறேன் என்று சொல்லக்கூடிய இடத்தில் இருந்தவர் அப்படிச் சொல்லவில்லை. விளைவைப் பாருங்கள். ஒரு பக்கம் எலும்புக்கூடு போல் கறுப்பு இரும்பு கிறீச்சிட்டுச் சுற்றுகிறது. பக்கத்திலேயே மஞ்சள், சிவப்பு, நீலமாக யானை, கடற்கன்னி, பாம்பு, பெரிய சிவந்த உதடுகள், தலையில் பொன் கிரீடத்தோடு நெருப்புப் பறவை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று தண்ணீரைத் தெறித்துக்கொள்கின்றன. ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையில் நாட்டார் பாட்டும் முரட்டுத் தாளமும் மோதிக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு இந்தச் சேர்க்கை உடனே பிடிபடும்.

நிக்கியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போகக்கூடாது. அவரைத் தேங்லியின் துணை என்ற அளவில் எழுதிவிட்டுப் போகிற பழக்கம் இருக்கிறது. அது அநியாயம். இத்தாலியின் தஸ்கனியில் அவர் பல வருடம் உழைத்துக் கட்டிய தாரோ தோட்டம் (தாரோ என்பது குறிசொல்லும் சீட்டுகள்), ஆட்கள் உள்ளே நுழைந்து நடக்கும் அளவுக்குப் பெரிய உருவங்கள் கொண்டது. அவற்றின் இரும்புச் சட்டங்களைப் பற்றவைத்ததில் தேங்லியின் பங்கு உண்டு. பாரிஸில் அவர் நீரூற்றுக்கு நிக்கி வண்ணம் கொடுத்தார், தஸ்கனியில் நிக்கியின் தோட்டத்துக்கு அவர் எலும்பு கொடுத்தார். தேங்லி இறந்தபின் அவருடைய ஏராளமான படைப்புகளைக் கொடையாகக் கொடுத்து, பாசெலில் 1996-ல் திறந்த அருங்காட்சியகத்துக்கு அடித்தளம் போட்டதும் நிக்கிதான்.

ஃப்ரிபூரில் இருக்கும் நீரூற்று சின்னது, ஆனால் மனதைத் தொடுவது. 1984-ல் வைத்தார். ஜோ சிஃபெர்ட் என்ற ஃபார்முலா ஒன் பந்தய ஓட்டுநர் அவருடைய நண்பர். 1971-ல் இங்கிலாந்தில் பந்தயத்தில் விபத்தாகி இறந்துபோனார். அவர் நினைவாகச் செய்தது. முகச்சிலை இல்லை, கார் இல்லை. சக்கரங்கள் சுற்றுகின்றன, குழாய்கள் நாலா பக்கமும் தண்ணீரை வீசுகின்றன. வேகத்துக்காகவே வாழ்ந்த ஒருவனை வெண்கலத்தில் உட்காரவைக்க நண்பனுக்கு மனம் வரவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் ஓடிக்கொண்டிருப்பது தானாக நடக்கிற காரியமில்லை. கற்சிலையை நிறுவிவிட்டுப் போய்விடலாம். இவற்றுக்கு மோட்டார் மாற்றவேண்டும், தாங்கிகளுக்கு எண்ணெய் போடவேண்டும், சுண்ணாம்புப் படிவைச் சுரண்டவேண்டும், துருவைக் கவனிக்கவேண்டும். ஸ்ட்ராவின்ஸ்கி நீரூற்றே பழுதாகிப் பரிதாபமாகக் கிடந்த காலம் உண்டு. 2023-ல்தான் முழுதாகச் சீர்செய்து மறுபடி திறந்தார்கள். பாரிசுக்குத் தெற்கே மில்லி லா ஃபோரே காட்டுக்குள் தேங்லியும் நண்பர்களும் 1969-லிருந்து கட்டிய ஒற்றைக்கண் அரக்கன் சிற்பம் 22.5 மீட்டர் உயரம். யாரும் கேட்காமல், சொந்தச் செலவில் கட்டினார்கள். விஷமிகள் சேதப்படுத்திக்கொண்டே இருந்ததால் 1987-ல் பிரெஞ்சு அரசுக்கே கொடுத்துவிட்டார்கள். பொதுமக்களுக்கு 1994-ல் திறந்தபோது தேங்லி இல்லை. நான் சிற்பியை எவ்வளவு மதிக்கிறேனோ, அதே அளவுக்குக் காலையில் ரப்பர் பூட்ஸ் போட்டுத் தொட்டிக்குள் இறங்கும் பராமரிப்பு ஆட்களையும் மதிக்கிறேன். அவர்கள் இல்லாவிட்டால் இவை பழைய இரும்புக்கடைச் சாமான்தான்.

"இது விளையாட்டுச் சாமான், இதில் ஆழம் எங்கே" என்று சிலர் கேட்பார்கள். பாசெல் நீரூற்றுக்கு அருகிலேயே ரிச்சர்ட் செர்ராவின் பிரம்மாண்டமான எஃகுச் சுவர்கள் நிற்கின்றன. வளைந்த தகடுகள், நடுவே நடந்து போகலாம், போகும்போது ஓர் அழுத்தம் நெஞ்சில் ஏறும். அதுவும் மிகச் சிறந்த வேலை, மறுக்கவில்லை. ஆனால் மதிய நேரத்தில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஜனங்கள் உட்காருவது தேங்லியைச் சுற்றித்தான். வயதானவர்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள், அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பையன்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். அவர்களிடம் யாரும் கலை பற்றிக் கேட்பதில்லை. ஒருவரும் மற்றவரைப் பார்க்கவேண்டிய கட்டாயமில்லாமல், எல்லாரும் ஒன்றையே பார்த்துக்கொண்டு சேர்ந்து உட்காரமுடிகிறது. பொதுவெளிச் சிற்பத்திடம் நான் எதிர்பார்ப்பது அதைத்தான்.

நீங்கள் பார்க்க வருவதாக இருந்தால் சில யோசனைகள். பாசெலில் முதலில் நீரூற்றைப் பாருங்கள், அருங்காட்சியகத்தைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் இயந்திரங்கள் தேய்ந்துபோகாமல் இருக்க, பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். வெளியே இருப்பவற்றுக்குப் பொத்தான் கிடையாது. சூரிச் போனால் ஏரிக்கரையில் 1964 சுவிஸ் தேசியக் கண்காட்சிக்காக அவர் செய்த பெரிய இயந்திரம் இருக்கிறது. அது குறிப்பிட்ட நேரத்தில் சில நிமிடம்தான் அசையும், நேரத்தை விசாரித்துவிட்டுப் போங்கள். மற்றபடி, நீரூற்றின் முன்னால் பத்தையும் ஒரே பார்வையில் பார்க்க முயலாதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது தன் ஒரு சுற்றை முடித்து மறுபடி தொடங்கும்வரை பாருங்கள். படம் எடுப்பதை அதன்பிறகு வைத்துக்கொள்ளலாம்.