பல் மருத்துவர்கள் பெருகிவிட்டார்களா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பல் மருத்துவம் கடைசி வருடம் படிக்கிறேன். போன மாதம் ஒரு முகாமுக்கு அறுபது வயதிருக்கும் ஒரு அம்மா வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல், இரண்டு வருடமாக வலி. “வேற எதுவும் வேணாம் கண்ணு, பிடுங்கி மட்டும் விட்ரு” என்றார். அது காப்பாற்றக்கூடிய பல். ஆனால் அதற்கு நாலு தடவையாவது அவர் வர வேண்டும், தன்னால் முடியாது என்றார். பிடுங்கினேன். அன்றைக்குச் சாயங்காலமே என் சீனியர் ஒருவர் போனில் அழாத குறையாகப் பேசினார். எங்கே போனாலும் வேலை இல்லையாம், பல் மருத்துவர்கள் பெருகிவிட்டார்களாம். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? ஒரு நாட்டுக்கு எத்தனை பல் மருத்துவர்கள் வேண்டும் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? நான் தப்பான படிப்பை எடுத்துவிட்டேனா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

இரண்டும் உண்மைதான். தேவை வேறு, கிராக்கி வேறு. தேவை மனிதரின் வாய்க்குள் இருக்கிறது. அந்த மனிதர் கையில் காசோடும் நேரத்தோடும், வந்தால் சரியாகும் என்ற நம்பிக்கையோடும் கிளினிக் படியேறும்போதுதான் அது கிராக்கி ஆகிறது. அந்த அம்மாவின் பல்லில் தேவை இரண்டு வருடமாக இருந்தது. அது கிராக்கியாக மாறியது முகாம் நடந்த ஒரே ஒரு நாளில். உங்கள் சீனியர் தேடிக்கொண்டிருப்பது கிராக்கியை. இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படவே இல்லை.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட வாய்நல அறிக்கையைப் பாருங்கள். ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு வாய் நோய் இருக்கிறது. நிலைத்த பற்களில் சொத்தை உள்ளவர்கள் மட்டும் சுமார் 200 கோடி. பால் பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் 50 கோடிக்கும் மேல். இத்தனை வாய்கள் காத்திருக்கும் உலகத்தில் ஒரு பல் மருத்துவர் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால், பிசகு ஆள் எண்ணிக்கையில் மட்டும் இருக்க முடியாது.

தேவை எப்படிக் கிராக்கி ஆகிறது என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பிரிட்டன். 1948 ஜூலையில் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது பல் சிகிச்சையையும் இலவசமாக்கினார்கள். முந்தின நாள் இருந்த அதே மருத்துவர்கள்தான், அதே வாய்கள்தான். ஆனால் கூட்டம் அரசாங்கம் போட்டு வைத்த மதிப்பீட்டை எங்கேயோ தாண்டிப் போனது. கட்டுப்பல் கேட்டு வந்தவர்கள் ஏராளம். பல வருடங்களாக ஈறால் மென்று சாப்பிட்டவர்கள், காசு கேட்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் வந்தார்கள். செலவு தாங்காமல் 1951ல் கட்டுப்பல்லுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் வைத்தது அரசு. அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அதை எதிர்த்து அமைச்சர் பதவியை விட்டே விலகினார். பல் மனித உடம்பில் ஒரு பகுதியா, தனிச் சாமானா என்கிற அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவில் முதியவர்களுக்காக 1965ல் வந்த மெடிகேர் திட்டம் வழக்கமான பல் சிகிச்சையை வெளியே தள்ளிவிட்டது. பல் விழும் வயதில் இருப்பவர்களுக்கான காப்பீட்டில் பல் இல்லை என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

அதே பிரிட்டனில் 2024 பிப்ரவரியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரிஸ்டல் நகரின் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரு பல் கிளினிக், அரசுச் சேவையில் புதிய நோயாளிகளைச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. நூற்றுக்கணக்கானோர் தெருவில் வரிசையில் நின்றார்கள். கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ் வர வேண்டியிருந்தது. நாட்டில் பல் மருத்துவர்களே இல்லாததால் நின்ற வரிசை இல்லை அது. பலர் அரசு ஒப்பந்த வேலையைக் குறைத்துக்கொண்டு தனியார் பக்கம் போய்விட்டிருந்தார்கள். காரணம், 2006ல் வந்த ஒப்பந்தம் பணம் கொடுத்த விதம். ஒரே சிகிச்சைச் சுற்றில் ஒரு பல்லை அடைத்தாலும் ஐந்து பல்லை அடைத்தாலும் மருத்துவர் கணக்கில் ஒரே மதிப்புத்தான். அதை ஓரளவு திருத்தவே 2022 வரை ஆனது. வாய் முழுக்கச் சொத்தையோடு வருகிற ஏழை நோயாளியால் கிளினிக்குக்கு நஷ்டம் என்று ஆக்கிவைத்தால், அப்படிப்பட்டவர்களுக்குத்தான் முதலில் கதவு சாத்தப்படும்.

சரி, கணக்கு எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டீர்கள். பெரும்பாலும் தலையை எண்ணித்தான். இத்தனை ஆயிரம் மக்களுக்கு ஒரு மருத்துவர் என்று ஒரு விகிதம் வைத்துக்கொள்கிறார்கள். அந்த விகிதத்தில், வாரம் ஆறு நாள் வேலை செய்பவரும் இரண்டு நாள் செய்பவரும் ஒன்றுதான். உதவியாளர் பக்கத்தில் நின்று எச்சிலை உறிஞ்சி, கேட்கும் முன்பே கருவியை நீட்டினால் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கலாம், தானே எல்லாம் செய்துகொண்டு கருவியையும் தானே கழுவினால் எத்தனை பேரைப் பார்க்கலாம் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். விகிதத்துக்கு அது தெரியாது. நகரத்தில் ஒரே தெருவில் ஐந்து பேர் இருப்பதும், மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர்கூட இல்லாததும் நாட்டுச் சராசரியில் கரைந்துபோகும்.

இன்னொரு சிக்கல் காலம். இன்று பற்றாக்குறை என்று சொல்லி ஒரு கல்லூரி கட்டினால், அதிலிருந்து முதல் மருத்துவர் வெளியே வருவதற்குள் எட்டுப் பத்து வருடம் ஓடிவிடும். அதற்குள் நிலைமை மாறியிருக்கும். அமெரிக்காவில் இது நடந்தது. 1963ல் மத்திய அரசு சட்டம் போட்டுப் பணம் கொடுக்க, பல் மருத்துவக் கல்லூரிகள் பெருகின. 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு சுமார் 5,700 பேர் பட்டம் வாங்கினார்கள். அதற்குள் குடிநீரில் சேர்த்த, பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் ஃபுளோரைடும் ஃபுளோரைடு பற்பசையும் குழந்தைகளின் சொத்தையைக் குறைத்திருந்தன, பொருளாதாரமும் சுணங்கியிருந்தது. இனிமேல் இத்தனை பேர் எதற்கு என்றார்கள். விண்ணப்பங்கள் குறைந்தன, கல்லூரிகளை மூடினார்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரியே 1990ல் மூடப்பட்டது. 1990களின் முற்பகுதியில் பட்டம் வாங்குபவர்கள் 4,000க்கும் கீழே இறங்கினார்கள். அப்புறம் 1990களின் கடைசியிலிருந்து மறுபடியும் புதிய கல்லூரிகள் திறக்க ஆரம்பித்தார்கள்.

அந்தக் கணக்கில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டார்கள் என்பது என் எண்ணம். சொத்தை குறைந்தால் வேலை குறையும் என்று நினைத்தார்கள். பல் விழாமல் தங்கினால் அந்தப் பல்லுக்குச் சாகும்வரை பராமரிப்பு வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ல் பெரியவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. 2009ல் இங்கிலாந்தில் அது 6 சதவீதம். எவ்வளவு நல்ல செய்தி! ஆனால் பொக்கை வாய்க்கு ஒரு பல்செட் போதும். எண்பது வயதில் இருபது சொந்தப் பற்களோடு, அவற்றில் பாதி பழைய அடைப்புகளோடு, கை நடுங்கிச் சரியாகப் பல் தேய்க்க முடியாமல் இருக்கும் ஒருவருக்கு ஆண்டு முழுக்க ஆள் வேண்டும்.

எல்லாவற்றையும்விட, நீங்கள் பிடுங்கிய அந்தப் பல்லைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அது முதல் கடைவாய்ப் பல்லாக இருக்கலாம். ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைப்பது. எந்தப் பல்லும் விழாமலே வருவதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அதையும் பால் பல் என்று நினைத்து, எப்படியும் விழப்போகிறதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். அதன் மேல்பரப்பில் பிரஷின் முனை நுழையாத அளவுக்குக் குறுகிய பள்ளங்கள். எட்டு வயதில் பயிற்சி பெற்ற ஒருவர் அந்தப் பள்ளங்களைப் பூசி அடைக்கச் சில நிமிடம் போதும், ஊசி வேண்டாம், துளையிட வேண்டாம். பன்னிரண்டு வயதில் சொத்தையை எடுத்து அடைக்க அரை மணி நேரம். இருபத்தைந்தில் வேர் சிகிச்சை, இரண்டு மூன்று தடவை வர வேண்டும், மேலே தொப்பி போட வேண்டும். ஐம்பதில் பிடுங்குவது, காசிருந்தால் இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல். ஒரே பல், ஒரே பள்ளம். ஒவ்வொரு கட்டத்தையும் தவறவிடும்போது இன்னும் அதிகம் படித்த, இன்னும் அரிதாகக் கிடைக்கிற கை தேவைப்படுகிறது. பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இப்படி வருடக்கணக்கில் நாமே வளர்த்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை நியூசிலாந்து நூறு வருடம் முன்பே புரிந்துகொண்டது. முதல் உலகப் போருக்கு ஆள் சேர்த்தபோது இளைஞர்களின் பற்கள் கிடந்த கிடையைப் பார்த்து அதிர்ந்தார்கள். 1921ல் தாமஸ் ஹன்டர் என்ற பல் மருத்துவர் முன்னின்று, இரண்டு வருடப் பயிற்சியோடு பள்ளிப் பல் செவிலியர்களை உருவாக்கத் தொடங்கினார். அவர்கள் பள்ளிக்குள்ளேயே இருந்து குழந்தைகளுக்குப் பல் அடைத்தார்கள், பால் பல் பிடுங்கினார்கள். பிற்பாடு பல நாடுகள் இதைப் பின்பற்றின. அலாஸ்காவின் பழங்குடி மக்கள் 2003ல் தங்கள் இளைஞர்களை இந்தப் பயிற்சிக்காக நியூசிலாந்துக்கே அனுப்பினார்கள். விமானத்தில் மட்டுமே போக முடிகிற ஊர்களுக்கு அந்தப் பிள்ளைகள் திரும்பி வந்து வேலை தொடங்கியதும், அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் வழக்குப் போட்டது. தரம் குறையும் என்ற கவலையை நான் ஒதுக்கவில்லை, பயிற்சியும் மேற்பார்வையும் கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த ஊர்களில் அதற்கு முன் இருந்த தரம் என்ன? வருடத்தில் சில நாள் வந்துபோகும் மருத்துவரும், மிச்ச நாள் வலியும்தானே.

உங்கள் கையில் இன்னும் சில வழிகள் இருக்கின்றன. துளையிடாமல் சொத்தை மேல் தடவும் சில்வர் டையமைன் ஃபுளோரைடு இருக்கிறது. பல்லைக் கறுப்பாக்கும், ஆனால் பெரும்பாலான சொத்தைகளை அங்கேயே நிறுத்திவிடும். கரண்ட் இல்லாத இடத்தில் கைக்கருவியால் மட்டும் சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைக்கும் முறை 1980களில் தான்சானியாவில் உருவானது. உலக சுகாதார நிறுவனம் 2021ல் சில்வர் டையமைன் ஃபுளோரைடையும் அந்த அடைப்புக்கான கிளாஸ் அயனோமர் சிமென்டையும் ஃபுளோரைடு பற்பசையையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்துவிட்டது. பட்டியலில் ஏறியது கிளினிக்குக்கு வந்து சேர, அதைச் செய்பவருக்கு யாராவது சம்பளம் கொடுக்க வேண்டும். அரசுகளிடம் நாம் கேட்க வேண்டியது முதலில் அதை. கல்லூரி எண்ணிக்கையை அப்புறம் பேசலாம்.

தப்பான படிப்பை எடுத்துவிட்டேனா என்று கேட்டீர்கள். இல்லை. வேலை கிடைப்பதில் உங்களுக்குச் சிரமம் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். உங்கள் சீனியரின் வருத்தம் நியாயமானது. சோம்பலால் வந்ததென்று அவரிடம் யாரும் சொல்லக் கூடாது, நீங்களும் உங்களைப் பற்றி அப்படி நினைக்கக் கூடாது.

அந்த அம்மாவின் பல்லைப் பிடுங்கியதற்காக வருந்த வேண்டாம். நாலு தடவை வர முடியாதவரிடம் ஒரே தடவையில் முடியும் சிகிச்சையைச் செய்தீர்கள், அன்று இரவு அவர் தூங்கியிருப்பார். ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த முகாமில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்க வரும் ஒவ்வொருவரிடமும், ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகக் காத்திருக்கிற அந்த ஐந்து நிமிடத்தில் கேளுங்கள்: எத்தனை நாளாக வலிக்கிறது, இதற்கு முன் யாரிடமாவது காட்டினீர்களா, காட்டாமல் விட்டதற்குக் காசா, தூரமா, பயமா, கூட வர ஆள் இல்லையா? பெயர் எழுத வேண்டாம், பதிலை மட்டும் எழுதுங்கள். இரண்டு மூன்று முகாம் முடிந்ததும் அதை எனக்கு அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.